50 நாட்ஸுக்கு மேல் கொதிக்கும் கடல்

என் அக்கா மகன் நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு படிக்கிறான். செயில்ஜிபி என்ற பாய்ப்படகுப் பந்தய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மெசேஜ் போட்டான். "மாமா, இவனுங்க கோடி கோடியா கொட்டுறானுங்க. அப்புறமும் 50, 55 நாட்ஸ்லயே ஏன் முக்கிக்கிட்டு இருக்கானுங்க? அடியில இருக்கற ரெக்கையக் கொஞ்சம் பெருசா வச்சா போயிடாதா?" வாய்ஸ் மெசேஜில் விளக்கப் பார்த்தேன். "இவ்ளோ நீளத்தை யாரு கேப்பா, எழுதிப் போடுங்க மாமா" என்று பதில் வந்தது. எழுதிவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஹைட்ரோஃபாயில், அதாவது படகைத் தண்ணீருக்கு மேல் தூக்கும் அந்த அடி இறக்கை, வடிவமைத்தவன் இல்லை. சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் காலம் தள்ளியவன். நாங்கள் 14 நாட்ஸ் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) போனால் அது நல்ல நாள். ஆனால் அந்தப் பந்தயப் படகுகளைப் பிடித்து இழுக்கும் பூதமும் எங்கள் பம்ப்பைத் தின்ற பூதமும் ஒன்றுதான். அதன் பெயர் கேவிட்டேஷன், அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் கொதித்துக் குமிழியாவது. எனக்கு அது பழக்கமான ஆள்.

கடல்நீர் கூலிங் பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். துறைமுகத்தை நெருங்கும்போது கப்பலின் அடியில் கடல்நீர் நுழையும் சீ செஸ்ட் வழியாக ஜெல்லிமீன் கூட்டம் ஏறி, வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைத்துக்கொள்ளும். சக்ஷன் கேஜ் முள் வேக்குவம் பக்கம் சாயும். டிஸ்சார்ஜ் கேஜ் முள் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். அப்புறம் அந்தச் சத்தம், கேசிங்குக்குள் ஒரு கூடை சரளைக்கல்லைக் கொட்டிக் கலக்குவது மாதிரி. புதிதாக வந்த ஃபோர்த் இன்ஜினியர்கள் பேரிங் போய்விட்டது என்று ஓடி வருவார்கள். "பேரிங் இல்லப்பா, ஸ்ட்ரெய்னரைப் பாரு" என்று அனுப்பினால் ஒரு வாளி ஜெல்லிமீனோடு திரும்புவார்கள்.

அதே பம்ப்பை ஓவர்ஹாலுக்குப் பிரிக்கும்போது உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் நுழையும் கண்ணுக்குப் பக்கத்தில், பிளேடின் முதுகுப் பக்கம், முன்விளிம்பான லீடிங் எட்ஜிலிருந்து விரல் அகலம் தள்ளி, வெண்கலம் முழுக்கக் குழி. ஓரமெல்லாம் கூர்மை, துணியை வைத்துத் துடைத்தால் நூல் மாட்டும். சில குழிகளில் நகம் முழுதாக இறங்கும். அந்த வரிசைக்கு முன்னாலும் பின்னாலும் உலோகம் பளபளவென்று புதுசாக இருக்கும். குமிழி பிறந்த இடத்தில் சேதம் இல்லை. அது செத்த இடத்தில்தான் சேதம். அழுத்தம் குறைந்த இடத்தில் பிறந்து, ஓட்டத்தோடு நகர்ந்து, அழுத்தம் திரும்பும் இடத்தில் அப்படியே உள்நோக்கி நொறுங்குகிறது. நொறுங்கும் கணத்தில் அந்தப் பொட்டு இடத்தில் அழுத்தம் எக்கச்சக்கமாக எகிறும் என்று ராலே பிரபு 1917-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

இனி ஃபாயிலுக்கு வருவோம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது பாதி உண்மை. தலைக்கு மேல் ஒரு பார் காற்றழுத்தம் இருப்பதால் 100. அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலையும் இறங்கும். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரின் மேல் அழுத்தத்தை 0.023 பாருக்குக் கொண்டுவந்தால், அடுப்பே இல்லாமல் அங்கேயே கொதிக்கும். 30 டிகிரிக் கடலென்றால் 0.042 பார் போதும். ஹைட்ரோஃபாயிலின் மேல்பக்கத்தில் நடப்பது இதுதான். விமான இறக்கை மாதிரியே ஃபாயிலும் பெரும்பங்கு லிஃப்ட்டை (தூக்கும் விசையை) மேல்பக்க உறிஞ்சலிலிருந்துதான் எடுக்கிறது. மேலே அழுத்தம் குறைய, கீழே கூட, வித்தியாசம் படகைத் தூக்குகிறது. விமான இறக்கைக்குக் காற்று கொதிக்கும் பிரச்சினை கிடையாது. ஃபாயிலுக்கு உண்டு.

ஆக, உறிஞ்சலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஃபாயில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் மொத்த அழுத்தம் ஏறக்குறைய 1.11 பார். அதிலிருந்து ஆவியழுத்தத்தைக் கழித்தால் கைவசம் இருப்பது 1.09 பார். இதற்கு மேல் ஒரு துளி உறிஞ்ச முடியாது, அதற்குள் தண்ணீர் ஆவியாகிவிடும். மேல்பக்கம் முழுவதும் இந்த எல்லை வரை உறிஞ்சினாலும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 டன். அதுவும் காகிதத்தில்தான். நிஜ ஃபாயிலில் உறிஞ்சல் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் உச்சம், ஒரு பக்கம் மந்தம். உச்சம் எல்லையைத் தொடும்போது சராசரி எங்கோ கீழே இருக்கும்.

இந்த 1.09 பார் மாறவே மாறாது. வேகம்தான் மாறுகிறது. ஓடும் நீரின் வேக அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏறும். கடல்நீருக்கு 20 நாட்ஸில் அது 0.54 பார். 40 நாட்ஸில் 2.17. 50-ல் 3.4. 60-ல் 4.9. அந்த 1.09-ஐ வேக அழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் கேவிட்டேஷன் எண். 20 நாட்ஸில் 2, 40-ல் 0.5, 50-ல் 0.32, 60-ல் 0.22. படித்தவர்கள் சிக்மா என்பார்கள். நான் அதைக் கையிருப்பு என்றே நினைத்துக்கொள்வேன். ஃபாயிலின் மேல்பக்கத்தில் எந்த ஒரு புள்ளியிலாவது அழுத்தக் குறைவை வேக அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் இந்த எண்ணைத் தாண்டினால் அங்கே கொதிப்பு தொடங்கும்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு. எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் நாகா 0012 வெட்டுமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (நாகா என்பது அமெரிக்காவின் பழைய விமான ஆய்வு அமைப்பு). மேலும் கீழும் ஒரே வளைவு, தடிமன் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலத்தில் 12 சதவீதம். அதை லிஃப்ட்டே இல்லாமல் நேராக நிறுத்தினாலும், வெறும் தடிமனால் மட்டும் அதன் பக்கவாட்டில் உறிஞ்சல் சுமார் 0.4 வரை போகிறது. அப்படியென்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 45 நாட்ஸ் சுமாருக்கு வந்தவுடனே கொதிக்க ஆரம்பித்துவிடும். படகைத் தூக்கக் கூட இல்லை, சும்மா நிற்கிறது! இதனால்தான் ஃபாயில்காரர்கள் நாகா 16 வரிசைக்குப் போனார்கள். அது முதலில் விமானப் புரொப்பெல்லருக்காக 1930-களில் செய்தது. ஒலி வேகத்தை நெருங்கும்போது உச்சம் எழும்பாமல் இருக்க, அழுத்தத்தைத் தட்டையாகப் பரப்பிய வடிவம். காற்றில் ஒரு தொல்லைக்குச் செய்த மருந்து தண்ணீரில் வேறு தொல்லைக்கு அப்படியே பொருந்திவிட்டது.

ஆழத்தில் இறக்கினால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பான், எனக்குத் தெரியும். ஒரு மீட்டர் கூடுதல் ஆழத்துக்குக் கிடைப்பது 0.1 பார். 50 நாட்ஸில் வேக அழுத்தம் 3.4 பார். கடலில் பெருங்காயம் கரைத்த கதை. நூறு மீட்டர் இறங்கும் நீர்மூழ்கிக்கு அது தீர்வு, படகுக்கு இல்லை. வெப்பநிலையும் அப்படித்தான். பாய்லர் ஃபீட் பம்ப்பில் 90 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் 0.7 பார். அங்கே நாலைந்து டிகிரி கூடினாலே எங்களுக்கு வயிறு கலங்கும். கடலில் 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் வித்தியாசம் 0.02 பார்கூட இல்லை. ஃபாயிலுக்குக் குளிர் கடலும் ஒன்று, வெப்பக் கடலும் ஒன்று.

சரி, கொதிக்க ஆரம்பித்தால் படகுக்கு என்ன ஆகிறது? உடனே ஒன்றும் ஆகாது. இதுதான் பலருக்குத் தெரியாத சமாச்சாரம். முதலில் லீடிங் எட்ஜிலோ நுனிச் சுழலிலோ சின்னதாகக் குமிழிகள். சத்தம் வரும், லிஃப்ட் அப்படியே இருக்கும். கொஞ்சம் கூடினால் குமிழிகள் சேர்ந்து லீடிங் எட்ஜை ஒட்டி ஒரு பளபளப்பான ஆவிப் படலமாகிவிடும். நீர் அந்தப் படலத்தைச் சுற்றி வளைந்து போவதால் ஃபாயில் இன்னும் கொஞ்சம் வளைந்திருப்பதாகப் பாவித்து நடந்துகொள்ளும். லிஃப்ட் சில சமயம் இம்மி கூடவும் செய்யும். டிராக், அதாவது நீர் பின்னால் இழுக்கும் விசை, மட்டும் மெதுவாக ஏறும். இங்கேயே நின்றால் பிழைக்கலாம்.

படலம் ஃபாயிலின் அகலத்தில் முக்கால்வாசியை எட்டும்போதுதான் ஆட்டம். படலத்தின் வால் முனையில் நீர் திரும்பி, ஃபாயிலை ஒட்டியே முன்னோக்கிப் பாய்ந்து, படலத்தை அடியோடு வெட்டிவிடும். வெட்டுப்பட்ட துண்டு குமிழி மேகமாகச் சுருண்டு பின்னால் போய் நொறுங்கும். உடனே புதுப் படலம் வளரும், அதுவும் வெட்டுப்படும். வினாடிக்குப் பலமுறை. ஒவ்வொரு முறையும் லிஃப்ட் ஏறி இறங்கும். ஃபாயில், அதைத் தாங்கும் ஸ்ட்ரட், மேலே படகு எல்லாம் சேர்ந்து அதிரும். உலோகம் குழிவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நான் சொன்ன கேஜ் முள்ளின் துள்ளல் ஞாபகம் இருக்கிறதா, அதன் பெரிய அண்ணன் இது.

இன்னும் வேகம் கூட்டினால் படலம் பின்விளிம்பான டிரெய்லிங் எட்ஜையும் தாண்டி நீண்டுவிடும். மேல்பக்கம் தண்ணீரே படாது. அதிர்வு அடங்கிவிடும், ஆனால் லிஃப்ட்டும் போய்விடும். எவ்வளவு போகும் என்பதற்குக் கணிதம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. தட்டையான பலகை ஒன்று முழுக்க நனைந்து ஓடும்போது அதன் லிஃப்ட் குணகம் கோணத்தின் 2π மடங்கு. மேல்பக்கம் முழுக்க ஆவியாகி, கையிருப்பு எண் சுழியை நெருங்கும்போது அது π/2 மடங்கு. கால்வாசி! அதே தூக்கலுக்கு நாலு மடங்கு கோணம் வைக்க வேண்டும், கோணம் வைத்தால் டிராக். இன்ஜினோ பாயோ அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் எல்லாம் அந்த டிராக்குக்கே போகும்.

"ரெக்கையைப் பெருசாக்கு" யோசனைக்கு இப்போது பதில் சொல்லலாம். பெரிய ஃபாயில் என்றால் சதுர மீட்டருக்குப் பாரம் குறையும், உறிஞ்சல் குறையும், உண்மைதான். ஆனால் ஏற்கனவே ஃபாயில் பெரிதாகத்தான் இருக்கிறது. 20 நாட்ஸில் படகைத் தூக்க ஒரு பரப்பு வேண்டும். அதே பரப்பு 50 நாட்ஸில் ஆறு மடங்குக்கு மேல் தூக்கும் திறனோடு நிற்கும். அவ்வளவு தேவையில்லை என்பதால் கோணத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ரொம்பக் குறைத்தால் நீர் லீடிங் எட்ஜில் மேலிருந்து வந்து மோதும், கீழ்ப்பக்கம் உறிஞ்சல் உச்சம் கிளம்பும், அங்கே கொதிக்கும். கோணம் கூடினால் முதுகு கொதிக்கும், குறைந்தால் வயிறு கொதிக்கும். நடுவில் ஒரு சந்து, வேகம் கூடக்கூட அது ஒடுங்கிக்கொண்டே போகும். கூடவே பரப்பு பெரிதானால் உராய்வு வேறு.

அந்தச் சந்தில் நேர்கோட்டில் போகலாம் என்றால் கடல் விடாது. ஒன்றரை மீட்டர் உயரம், ஐந்து வினாடிக்கு ஒன்று என வரும் சாதாரண அலையில் நீர் மேலும் கீழுமாக வினாடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் ஆடுகிறது. ஃபாயில் ஆழத்தில் அது கொஞ்சம் தணிந்திருக்கும். 40 நாட்ஸில் ஓடும் ஃபாயிலுக்கு அது இரண்டு டிகிரிக் கோணம் கூட்டுவதற்கும் இரண்டு டிகிரி குறைப்பதற்கும் சமம். ஏரியில் பளிங்காக ஓடிய அதே ஃபாயில் வெளிக்கடலில் அலைக்கு ஒரு தடவை முதுகும் வயிறுமாக மாறி மாறிக் கொதிக்கும்.

இன்னொன்று மருமகனே, உனக்குப் பரீட்சைக்கும் உதவும். இதை உன் காலேஜ் டோயிங் டேங்க்கில் இழுத்துப் பார்த்தால் தெரியாது. பத்தில் ஒரு பங்கு மாடல் செய்து, அலைக்கு ஏற்ற வேகத்தில் இழுத்தால் வேக அழுத்தம் பத்தில் ஒன்றாகும். தலைக்கு மேல் இருக்கும் காற்றழுத்தம் மட்டும் முழுசாக அப்படியே நிற்கும். கையிருப்பு பத்து மடங்கு வரை ஏறிவிடும், மாடல் சமர்த்தாக ஓடும், நிஜப் படகு அதிரும். அதனால்தான் அழுத்தத்தை இறக்கக்கூடிய டனல், அதாவது நீர் சுற்றிவரும் மூடிய குழாய், தேவை. சார்லஸ் பார்சன்ஸ் 1895-ல் தன் டர்பைன் கப்பலான டர்பைனியாவின் புரொப்பெல்லர் ஏன் வழுக்குகிறது என்று பார்க்கச் செம்பில் ஒரு சின்னக் குழாய் வளையம் செய்தார். உலகின் முதல் கேவிட்டேஷன் டனல் அதுதான். நெதர்லாந்தின் மரின் என்ற கப்பல் ஆய்வு நிலையம் ஒரு முழு டேங்க்கையே காற்றை உறிஞ்சிக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுகிறது. நம் ஊர்ப் பக்கம் விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆய்வகமான என்எஸ்டிஎல்-லில் டனல் இருக்கிறது.

"அப்ப 50-தான் எல்லையா?" இல்லை. அலெக்சாண்டர் கிரஹாம் பெல், அதே டெலிபோன்காரர்தான், கேசி பால்ட்வினோடு சேர்ந்து கட்டிய ஹெச்டி-4 படகு 1919 செப்டம்பரில் கனடாவின் பிரா டோர் ஏரிக்கரையில் இருக்கும் பாடெக்கில் மணிக்கு 114 கிலோமீட்டர் போயிற்று. நாட்ஸில் 61-க்கு மேல். ஏணிப்படி மாதிரி அடுக்கிய ஃபாயில்கள், வேகம் கூடக்கூட மேல்படிகள் வெளியே வந்து கீழ்ப்படி மட்டும் மிச்சம். நீர்ப்பரப்பை அவ்வளவு ஒட்டி ஓடும் ஃபாயில் காற்றை இழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மேலே 350 குதிரைத்திறன் லிபர்ட்டி விமான இன்ஜின்கள் இரண்டு உறுமின. விலை கொடுத்தால் தாண்டலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கனடாக்காரர்கள் அதே ஏரியின் பெயரைத் தங்கள் கடற்படைக் கப்பலுக்கு வைத்தார்கள்: பிரா டோர். 200 டன்னுக்கு மேல் எடை. 1969 ஜூலை 9-ல் ஒரு மீட்டர் அலையில் 63 நாட்ஸ். வெளிக்கடலில் போர்க்கப்பல் ஒன்று அவ்வளவு வேகம் போனது பெரிய காரியம். ஆனால் அதன் பெரிய தலைவலி வேகம் இல்லை, ஃபாயிலில் விழுந்த விரிசல். ஃபாயில் மெல்லியதாக இருந்தால்தான் கேவிட்டேஷன் தள்ளிப்போகும். மெல்லிய ஃபாயில் 200 டன் தாங்க வேண்டுமென்றால் எஃகு அசாத்திய வலிமையோடு இருக்க வேண்டும். அவர்கள் எடுத்தது 18 சதவீதம் நிக்கல் கலந்த மராஜிங் எஃகு. அந்த வகை எஃகு வலிமையில் ராஜா, கடல்நீரில் இழுவிசையோடு ஊறினால் விரிசல் விடும் குணம். முதன்மை ஃபாயிலில் விரிசல் கண்டு மாற்றினார்கள், மாற்றியதிலும் வந்தது. 1971-ல் கப்பலை ஓட்டாமல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இப்போது கியூபெக்கின் லிஸ்லே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விரிசலுக்குக் கேவிட்டேஷனை நேரடியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் என் கணக்கில், அந்த எஃகைத் தேர்ந்தெடுக்க வைத்ததே அதுதான்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். கொதிப்பைத் தவிர்க்க முடியாது என்றால் முழுசாகக் கொதிக்க விடு என்றார்கள். மார்ஷல் டுலின் 1950-களில் இதற்குக் கணிதம் எழுதினார். லீடிங் எட்ஜ் கத்தி மாதிரி கூர்மை, பின்பக்கம் தடித்து மொட்டையாக, லிஃப்ட் முழுவதும் அடிப்பக்கத்திலிருந்து. சூப்பர்கேவிட்டேட்டிங் ஃபாயில் என்று பெயர். போயிங் கட்டிய ஃப்ரெஷ்-1 சோதனைப் படகு, முதுகில் ஜெட் இன்ஜின் வைத்து, 1963-ல் 80 நாட்ஸைத் தாண்டியது. அதே வருஷம் ஓட்டத்தில் கவிழவும் செய்தது. இந்த ஃபாயிலின் கஷ்டம் வேகத்தில் இல்லை. 25 நாட்ஸில் படகைத் தூக்கவேண்டிய நேரத்தில் இந்தக் கூர்முனை மொட்டை வால் ஜந்து எதற்கும் லாயக்கில்லை. வேகமாகப் போகத் தெரிந்ததற்கு மெதுவாகப் போகத் தெரியாது.

எனக்குப் பிடித்த கேஸ் செயில்ராக்கெட் என்ற பாய்ப்படகு. இன்ஜின் கிடையாது, காற்று மட்டும். ஓட்டியவர் ஆஸ்திரேலியர் பால் லார்சன், ஓடிய இடம் நமீபியாவின் வால்விஸ் பே. மணல்திட்டைத் தாண்டி வரும் பலத்த காற்று, திட்டின் மறைவில் அலையில்லாத தண்ணீர். அலை இல்லாததன் அருமை மேலே சொன்ன இரண்டு டிகிரிக் கதையைப் படித்தவர்களுக்குப் புரியும். அதற்கு முன் 2009-ல் பிரெஞ்சுக்காரர் அலென் தெபோவின் லிட்ரோப்டேர் பாய்ப்படகு, வழக்கமான நனைந்த ஃபாயில்களோடு, இயேர் கடலில் 500 மீட்டரை 51.36 நாட்ஸில் ஓடியிருந்தது. மறு வருஷமே அதைத் தாண்டியது எது தெரியுமா? ஒரு கைட் போர்டு. நமீபியாவிலேயே லூடரிட்ஸ் வாய்க்காலில் ராப் டக்ளஸ் 55.65. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்ற ஒரு மனுஷன், கோடிக்கணக்கில் செலவழித்த கப்பலை முந்திவிட்டான். காரணம் அதேதான்: பலகை அடிப்பக்க அழுத்தத்தில் வழுக்குகிறது. உறிஞ்சலுக்குத்தான் 1.09 பார் எல்லை. தள்ளலுக்கு எல்லை கிடையாது.

செயில்ராக்கெட் 2-ன் ஃபாயில் இந்த உண்மையை ஒத்துக்கொண்டு செய்தது. ஆப்பு வடிவம், மொட்டையான பின்முனை. அந்த மொட்டைக்குப் பின்னால் மேலிருந்து காற்று இறங்கிவர வழி விட்டிருந்தார்கள். மற்ற எல்லா ஃபாயில்காரர்களும் ஸ்ட்ரட் வழியாகக் காற்று இறங்கினால் அலறுவார்கள், அது வந்த கணத்தில் லிஃப்ட் சரிந்துவிடும் என்பதால், வேலி மாதிரித் தகடு வைத்துத் தடுப்பார்கள். இங்கே காற்றை, இறங்கவேண்டிய இடத்தில் மட்டும், கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆவிக்குமிழி நொறுங்கும், காற்று நொறுங்காது. அதிர்வு இல்லை, குழி இல்லை. மெதுவான வேகத்தில் அந்த ஃபாயில் மகா மோசம். ஆனால் 2012 நவம்பர் 24-ல் 500 மீட்டர் சராசரி 65.45 நாட்ஸ். அந்த வேகத்தில் வேக அழுத்தம் 5.8 பார், கையிருப்பு எண் 0.19. பதினைந்து வினாடிக்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த எண் அசையவில்லை. சுவிட்சர்லாந்தின் எஸ்பி80 குழுவினர் 80 நாட்ஸ் இலக்கு வைத்து, பட்டமும் காற்றை இழுக்கும் ஆப்பு ஃபாயிலுமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். சாதனைக்காரர்களுக்குக் கைதட்டுவேன். ஆனால் இன்ஜினியராக நான் தலைவணங்குவது போயிங் ஜெட்ஃபாயில் என்ற பயணிகள் படகுக்குத்தான். கப்பல் ஹாங்காங்கில் நின்றபோது ஷியுங் வான் படகுத்துறையிலிருந்து மக்காவுக்கு அதில் போயிருக்கிறேன். துறையை விட்டு ஆமை வேகத்தில் வெளியே வரும். பிறகு டர்பைன் சுருதி ஏறும், மூக்கு லேசாக நிமிரும், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். அடிப்பலகையில் அலை அறையும் சத்தம் ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுவிடும். மக்கள் தூங்கப் போய்விடுவார்கள். நான் மட்டும் கையைச் சுவரில் வைத்து அதிர்வு பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. திருப்பத்தில்கூட அந்தத் துள்ளல் வரவே இல்லை.

ஃபாயில்கள் முழுதாக மூழ்கி, அலையின் ஆட்டம் தணிந்த ஆழத்தில். அலைக்கு அலை கோணம் மாறாதபடி ஃபிளாப்புகளை (ஃபாயிலின் பின்னால் அசையும் மடல்களை) அசைத்துக்கொண்டே இருக்கும் ஒரு தானியங்கிக் கட்டுப்பாடு. ஃபாயிலுக்குப் பிரா டோர் வழியில் போகாமல் 15-5பிஹெச் ஸ்டெயின்லெஸ் எஃகு. தள்ளுவதற்கு வாட்டர்ஜெட் பம்ப்புகள், செய்தது யார் தெரியுமா, ராக்கெட் இன்ஜின் செய்யும் ராக்கெட்டைன். ராக்கெட் பம்ப்தான் உலகிலேயே கேவிட்டேஷனோடு அதிகம் மல்லுக்கட்டும் பம்ப், சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஓடும் வேகம் 43 நாட்ஸ். இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் கையிருப்பு எண் 0.47 வருகிறது. ஃபிளாப் அசைவுக்கும் அலைக்கும் இடம் விட்டு, கொதிப்பு எல்லைக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொண்ட வேகம் அது. அமெரிக்கக் கடற்படையின் பெகாசஸ் வகை ஹைட்ரோஃபாயில் கப்பல்கள்கூட 48 அளவில்தான் நின்றன. அவர்களிடம் காசும் இருந்தது, டர்பைனும் இருந்தது.

ஜெட்ஃபாயில் 1974-ல் வந்தது. அதன் உரிமத்தை வாங்கிய கவாசாகி, கால் நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு 2020-ல் டோக்காய் கிசென் கம்பெனிக்காகப் புதிதாக ஒன்று கட்டிக் கொடுத்தது. பெயர் செவன் ஐலண்ட் யூய், டோக்கியோவிலிருந்து இசுத் தீவுகளுக்கு ஓடுகிறது. நடுவில் கம்ப்யூட்டர் எவ்வளவோ முன்னேறிவிட்டது. வேகம் அதே 43 நாட்ஸ்தான், ஏன் என்று இப்போது நீயே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள், மருமகனே.